கில்ட் கட்டிக்கொண்டு விமானம் ஏறலாமா?

கேள்வி, 8 டிசம்பர் 2025

அண்ணா, கிளாஸ்கோவில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். அடுத்த ஜூனில் கால்பந்து உலகக் கோப்பை பார்க்க, கூடத் தங்கியிருக்கும் ஸ்காட்டிஷ் பையன்களோடு பாஸ்டன் போவதாகத் திட்டம். எல்லோரும் கில்ட், அதுதான் ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை, கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறப் போகிறார்களாம். என்னையும் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். செக்யூரிட்டியில் கழற்றச் சொல்வார்களா? உள்ளே என்ன போடுவது? பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு போய் அங்கே கட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எடின்பரோவில் கில்ட் கடையில் வேலை செய்வதாகப் படித்தேன், அதனால் கேட்கிறேன்.

8 டிசம்பர், இரவு

பெட்டியில் வைக்காதே தம்பி. கட்டிக்கொண்டே ஏறு.

முறையாகத் தைத்த கம்பளி கில்ட்டுக்கு 8 கெஜம் துணி போகும். அது மட்டுமே இரண்டு கிலோவுக்குப் பக்கம். அதோடு ஜாக்கெட், முழங்கால் வரைக்கும் வரும் தடித்த சாக்ஸ், முரட்டுத் தோல் ஷூ, இடுப்புக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற பை. இத்தனையும் வைத்தால் மலிவு டிக்கெட்டுக்குக் கிடைக்கும் கைப்பெட்டியில் பல் பிரஷ்ஷுக்குக்கூட இடமிருக்காது. உடம்பில் கட்டியிருப்பதை யாரும் தராசில் ஏற்றுவதில்லை.

பெட்டி தொலைவது அடுத்த தலைவலி. எங்களிடம் வாடகைக்கு எடுக்கிறவர்களில் வெளிநாட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நிறைய. போன கோடையில் ஸ்பெயினில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை உஷாராக எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுச் செக்-இன் செய்துவிட்டார். பெட்டி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளைத் தோழன் மட்டும் பந்தாவுக்காகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறான். கடைசியில் அவனுடையதை அவிழ்த்து மாப்பிள்ளைக்குக் கட்டி, வார்களைக் கடைசித் துளை வரைக்கும் இழுத்து மாட்டி, ஒருவழியாக மோதிரம் மாற்றினார்கள். தோழன் ஃபோட்டோ முழுக்கக் கடற்கரை ஷார்ட்ஸில் நிற்கிறான். திருப்பிக் கொடுக்க வந்தபோது கவுன்டரில் அந்தப் படங்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தொலைந்த செட்டுக்கு யார் பணம் கட்டுவது என்று கேட்டதும் சிரிப்பு நின்றது.

செக்யூரிட்டி பற்றி நாளைக்கு. காலையில் கடை திறக்க வேண்டும்.

9 டிசம்பர்

கழற்றச் சொல்ல மாட்டார்கள். ஸ்காட்லாந்து ஏர்போர்ட்டுகளில் கில்ட் கட்டியவனை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஊரில் வேட்டியோடு ஏர்போர்ட் போனவர்களுக்கு, பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போடச் சொன்னதும் வயிற்றில் புளியைக் கரைக்கும். கில்ட்டில் அந்தப் பயம் இல்லை. தோல் வாரும் பக்கிளும் துணியோடு சேர்த்தே தைக்கப்பட்டிருக்கும். வழக்கமாக வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. மேலே கட்டும் அகலப் பெல்ட் வெறும் அலங்காரம்தான். அதை எடுத்தாலும் கில்ட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தட்டில் போக வேண்டியவை அந்த பெல்ட், ஸ்போரன், அதன் சங்கிலி, முன்பக்கத் துணியின் ஓரத்தில் குத்தும் கில்ட் பின், ஜாக்கெட். கில்ட்டில் பாக்கெட் கிடையாது. அதனால் பாஸ்போர்ட், ஃபோன், சாவி எல்லாம் ஸ்போரனுக்குள்தான் இருக்கும். அது தட்டோடு உருண்டு உள்ளே போன பிறகு யாராவது போர்டிங் பாஸ் கேட்டால் திருதிருவென்று விழிக்க வேண்டும். அதை மட்டும் முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொள்.

அப்புறம் ஸ்கேனர். 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் வெடிமருந்தோடு பிடிபட்டான். அதற்குப் பிறகுதான், 2010இல், பிரிட்டன் ஏர்போர்ட்டுகளில் உடல் ஸ்கேனர்கள் வரத் தொடங்கின. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோமே, அந்தக் கூண்டு. அதன் அலைகள் துணியைத் தாண்டிப் போய் உடம்பில் பட்டுத் திரும்பும். சந்தேகம் வந்த இடத்தை ஒரு பொம்மை உருவத்தின் மேல் கட்டம் போட்டுக் காட்டும். கில்ட்டின் பின்பக்கம் முழுக்க மடிப்பு மேல் மடிப்பு, எந்த இடத்தைத் தொட்டாலும் பல அடுக்குக் கம்பளி. இயந்திரத்துக்கு அது பிடிப்பதில்லை. பொம்மையின் பின்பக்கத்தில் பெரும்பாலும் கட்டம் விழும். ஆண் ஊழியர் ஒருவர் வந்து கையால் தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான். கூச்சமாக இருந்தால் தனி அறை கேள்.

10 டிசம்பர்

கில்ட் இருக்கட்டும். இந்திய பாஸ்போர்ட்தானே? அமெரிக்க விசா எடுத்தாயா? பிரிட்டனில் நேர்காணல் லண்டனிலும் பெல்ஃபாஸ்டிலும் மட்டும்தான். எடின்பரோவில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா வேலை நடப்பதில்லை. உன் கூட்டாளிகளுக்கு ஆன்லைனில் ஒரு அனுமதி வாங்கினால் போதும், உனக்கு அப்படி இல்லை. முதலில் தேதி வாங்கு, அப்புறம் துணி பார்க்கலாம்.

13 டிசம்பர்

அபர்டீன் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: சாக்ஸில் செருகும் கத்தி தேசிய உடையின் பகுதி, சட்டமே அனுமதிக்கிறது, அதனால் விமானத்துக்குள்ளும் கொண்டுபோகலாம் என்று. பாதிதான் சரி.

அந்தக் கத்திக்கு ஸ்கீன் டூ என்று பெயர். வலது சாக்ஸின் விளிம்பில் கைப்பிடி மட்டும் தெரியும்படி செருகுவார்கள், இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது சாக்ஸில். இங்கே பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். ஆனால் தேசிய உடையின் பகுதியாக வைத்திருந்தால் அது குற்றமில்லை என்று ஸ்காட்லாந்தின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அதெல்லாம் தெருவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும்தான். செக்யூரிட்டி வாசலில் அந்தப் பேச்சு எடுபடாது. உறையோடு பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடு.

வாடகை செட்டில் நாங்கள் கொடுப்பது பெரும்பாலும் பொம்மைக் கத்தி. கைப்பிடிக்குக் கீழே பிளேடே இருக்காது. அதையும் செருகிக்கொண்டு போகாதே. ஊழியருக்குத் தெரிவது கைப்பிடி மட்டும்தான். "இது பொம்மை, பாருங்க" என்று நீ குனிந்து சாக்ஸுக்குள் கையை விட்டால் அவர் என்ன நினைப்பார்?

வரிசையில் நின்றுகொண்டே கடைக்கு ஃபோன் போடுகிறவர்கள் உண்டு. காலில் கத்தி இருக்கிறது, இப்போது என்ன செய்வது என்று. வழியனுப்ப வந்தவர் இன்னும் கிளம்பவில்லை என்றால் ஓடிப்போய் அவரிடம் கொடுங்கள் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? நாங்கள் கொடுத்த கத்தி என்றால், திரும்பி வந்ததும் அதற்கான பணத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது.

26 டிசம்பர்

கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து எல்லோரும் இந்த இணைய இழைக்கே வந்துவிட்டீர்கள் போல. கேட்பதெல்லாம் ஒரே கேள்வி. உள்ளே என்ன?

ஒன்றும் போடாமல் கட்டுவதுதான் வீரம் என்ற பேச்சு இங்கே பழசு. 2010இல், டார்டன் எனப்படும் கில்ட் துணிக் கட்டங்களுக்கான அமைப்பான ஸ்காட்டிஷ் டார்டன்ஸ் அதாரிட்டியின் இயக்குநரே அது சுகாதாரக்கேடு என்று வெளிப்படையாகச் சொல்லப்போய் பத்திரிகைகளில் ஒரே ரகளை. என்னைக் கேட்டால், 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது கில்ட்டுக்குள் தோல் நிறத்தில் இறுக்கமான கால்சட்டை போட்டிருந்தார். ராஜாவே போட்டிருக்கிறார், நமக்கென்ன?

எங்கள் கடையில், வாடகை கில்ட் என்றால் உள்ளாடை கட்டாயம். உனக்கு முன்னால் அதைக் கட்டியவர் யாரென்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஏர்போர்ட்டுக்குக் கறுப்பு சைக்கிள் ஷார்ட்ஸ் நல்லது. எஸ்கலேட்டர் இருக்கிறது, விமானப் படி இருக்கிறது, பெட்டியை மேலே தூக்கி வைக்க இரண்டு கையும் உயர வேண்டியிருக்கிறது. அதோடு ஸ்கேனருக்குப் பிறகு தடவிப் பார்க்க வரும் ஊழியர் மேலும் கொஞ்சம் இரக்கம் வேண்டாமா?

4 ஜனவரி 2026

புத்தாண்டு வாழ்த்து. முன்பே எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. அமெரிக்கா போகிறவர்கள் கத்தியைவிட ஸ்போரனைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

சடங்குக்கு அணியும் பழைய ஸ்போரன்களில் நிறையவற்றின் முன்பக்கம் சீல் என்ற கடல்நாயின் தோல். பளபளவென்று, சாம்பல் நிறத்தில் கரும்புள்ளியோடு இருக்கும், பார்த்தாலே தெரியும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் சீல், திமிங்கிலம் போன்றவற்றின் பொருள்களை உள்ளே கொண்டுவரத் தடை செய்கிறது. தாத்தா காலத்துப் பொருள், கல்யாணத்துக்குப் போகிறேன், விற்க வரவில்லை என்று என்ன சொன்னாலும் சுங்கத்தில் பிடுங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சீல் பொருள் வியாபாரத்துக்கே கடிவாளம் போட்டது. இப்போது கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி மாட்டுத்தோல், முயல்தோல். அவற்றால் இந்தச் சட்டத்தில் வம்பு இல்லை.

ஆகவே, உன் கூட்டாளிகளில் யாராவது தாத்தாவின் ஸ்போரனை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தடுத்து நிறுத்து. டப்ளின் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்கக் குடிவரவும் சுங்கமும் டப்ளினிலேயே முடிந்துவிடும். கேள்வி வந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே வரும்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். ஏப்ரலில் நியூயார்க் போகிறார், அங்கே ஸ்காட்டியர்கள் நடத்தும் டார்டன் தின ஊர்வலத்துக்கு. அப்பா விட்டுப்போன ஸ்போரனின் சங்கிலி அறுந்திருக்கிறது, சரிசெய்ய வேண்டுமாம். கையில் வாங்கித் தடவினேன், சீல் தோல். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. ஐம்பது வருஷமாக வீட்டில் இருக்கிறது, இதற்குப் போய்ச் சட்டமா என்றார். சங்கிலியை மாட்டிக் கொடுத்தேன். மாட்டுத்தோல் ஸ்போரன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

26 ஜனவரி

நேற்று பர்ன்ஸ் இரவு, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்து. போன வாரம் முழுக்கக் கடையில் மூச்சுவிட நேரமில்லை. இன்று கசங்கிய கில்ட்டுகளாகத் திரும்பி வருகின்றன. ஒவ்வொன்றிலும் விஸ்கி வாசம்.

காற்றைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை. விமானத்துக்குள் காற்று இல்லை. விமானத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவேதான் இருக்கிறது ஆபத்து. பெரிய ஏர்போர்ட்டில் குழாய்ப் பாலம் வழியாகப் போய்விடலாம். தீவுகளுக்குப் போனால் படியில்தான் இறங்க வேண்டும்.

கூட வேலை செய்யும் பையனின் கல்யாணத்துக்காகப் ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கும் பாரா தீவுக்குப் போனேன். கிளாஸ்கோவிலிருந்து ஒரு சின்ன ட்வின் ஆட்டர் விமானம். அங்கே ஓடுபாதை கிடையாது, கடல் உள்வாங்கிய ஈர மணலில் அப்படியே இறக்குகிறார்கள். கால அட்டவணையே அலையைப் பார்த்துப் போடுவதுதான். கதவைத் திறந்ததும் அட்லாண்டிக் காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு முன்னால் இறங்கியவர் உள்ளூர்க்காரர், அனுபவஸ்தர். பையைப் பின்னால் இறுக்கி அணைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையால் ஸ்போரனை அழுத்தியபடி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் இரண்டு கையிலும் பரிசுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சைக்கிள் ஷார்ட்ஸ் பற்றிய என் கருத்து அன்று உறுதிப்பட்டது. கில்ட்டோடு போடும் கில்லி ப்ரோக் ஷூவுக்கு நாக்குப் பகுதி கிடையாது, நேராக சாக்ஸுக்குள் மணல்.

கில்ட் பின் இருக்கிறதே, அதைக் கொண்டு இரண்டு துணியையும் சேர்த்துக் குத்திவிட்டால் காற்றுக்குப் பறக்காதே என்று யோசிக்கிறவர்களுக்கு: செய்யாதீர்கள். அது மேல்துணிக்கு மட்டும், எடைக்காக. சேர்த்துக் குத்திவிட்டு உட்கார்ந்தால் துணி கிழியும். கிழிந்ததைத் தைப்பது நான்.

அந்த விமானத்தின் வாலிலேயே டார்டன் கட்டம் வரைந்திருப்பார்கள், லோகன்ஏர் என்ற கம்பெனி. இதே கம்பெனிதான் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு உலகிலேயே மிகக் குறுகிய விமான சேவை நடத்துகிறது. இரண்டு நிமிஷம்கூட ஆகாது, காற்று சாதகமாக இருந்து 53 விநாடியில் போய்ச் சேர்ந்ததுதான் சாதனை. கில்ட் மடிப்பு கலைவதற்குள் இறங்கிவிடலாம்.

15 பிப்ரவரி

அந்தக் கடைசி வரி எழுதியதிலிருந்து ஒரு யோசனை. டிசம்பரில் "கட்டிக்கொண்டே ஏறு" என்று ஒரே அடியாகச் சொன்னேன். ஸ்பெயினுக்கு, ஜெர்மனிக்கு, அது சரி. 2024 யூரோ கால்பந்துப் போட்டிக்கு மியூனிக் போன கூட்டத்தில் பலர் அப்படித்தான் போனார்கள். பாஸ்டன் என்றால் ஏழு மணி நேரம். அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும்.

உட்காருவதிலிருந்து ஆரம்பிக்கலாம். இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு புறங்கையாலும் பின்மடிப்புகளை இடுப்பிலிருந்து கீழ்நோக்கித் தடவிச் சமன் செய்துகொண்டே அமர வேண்டும். கடையில் கில்ட் மாட்டிப் பார்க்கிற ஒவ்வொருவரையும் ஒரு நாற்காலியில் இரண்டு மூன்று முறை உட்கார வைத்துத்தான் அனுப்புவேன். கல்யாண மண்டபத்தில் இது சுலபம். விமானத்தில் முன்சீட்டுக்கும் உன் முட்டிக்கும் நடுவே நாலு விரற்கடைதான். குனிந்தபடி நுழைந்து, தலையை மேல் பெட்டியில் இடித்துக்கொண்டு, மடிப்பு எந்தப் பக்கம் போனதென்று தெரியாமல் தொப்பென்று உட்காருவாய். ஏழு மணி நேரம் அந்தக் கோணல் மடிப்பின் மேல் உன் எடை முழுக்க இருக்கும். இறங்கும்போது பின்பக்கம் வாழைச்சருகுதான்.

ஓரச் சீட்டு கேட்டு வாங்கு. நடைபாதையில் நின்று நிதானமாக மடிப்பைச் சரிசெய்துகொண்டு உட்காரலாம். ஸ்போரன் சீட் பெல்ட்டுக்கு அடியில் மாட்டி வயிற்றைக் குத்தும், கழற்றி முன்சீட்டுக்குக் கீழே வைத்துவிடு. ஆனால் முன்துணியை அழுத்தி வைத்திருப்பதே ஸ்போரன்தான். அது போனால் மடியில் ஒரு போர்வையோ பத்திரிகையோ இருப்பது மரியாதை.

சாக்ஸ் இன்னொரு தொல்லை. முழங்காலுக்குக் கீழே இறுக்கமான எலாஸ்டிக் பட்டை கட்டித்தான் அதை நிறுத்துகிறோம். நீண்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். அங்கே போய் முட்டிக்குக் கீழே ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு உட்காருவது சரியில்லை. விமானம் கிளம்பியதும் பட்டையைக் கழற்றி சாக்ஸைக் கணுக்கால் வரை சுருட்டிவிடு.

எங்கள் தையல் அறையில் இதைப் பேசியபோது ஒரு அம்மா இன்னொன்று சொன்னார். விமானத்துக்கு நைலான் வகைகளைவிடக் கம்பளியும் பருத்தியும் நல்லது, தீயில் உருகித் தோலில் ஒட்டாது என்று அமெரிக்க விமானத் துறையே அறிவுரை சொல்கிறதாம். அந்த வகையில் கில்ட்டுக்கு முழு மதிப்பெண். ஆனால் அதே அறிவுரையில் காலை மூடும் உடை போடு என்றும் இருக்கிறது. அவசரச் சறுக்கில் வெறும் முட்டியோடு வழுக்கினால் தோல் உரியும். கில்ட் அங்கே ஃபெயில்.

16 பிப்ரவரி

ஷூ விட்டுப்போயிற்று. கில்லி ப்ரோக்கின் நாடா மிக நீளம், கணுக்காலைச் சுற்றி முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். 2001 டிசம்பரில் ஷூவில் வெடிமருந்து வைத்தவன் புண்ணியத்தில் அமெரிக்காவில் எல்லோரும் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த விதியை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் மணி அடித்தால் கழற்றத்தான் வேண்டும். ஏறும்போது சாதா ஷூ போட்டுக்கொண்டு போ. பார்ப்பவர்கள் குறை சொன்னால் சொல்லட்டும்.

9 மார்ச்

விசா தேதி கிடைத்துவிட்டதாம், லண்டனில். நல்லது. இனி துணி.

உங்கள் திட்டத்தை இப்போதுதான் முழுக்கச் சொல்கிறாய். ஸ்காட்லாந்து அணிக்கு ஜூன் 13இல் ஹெய்ட்டியோடும் 19இல் மொராக்கோவோடும் ஆட்டம், இரண்டும் பாஸ்டனுக்கு வெளியே ஃபாக்ஸ்பரோவில். அப்புறம் 24இல் பிரேசிலோடு மயாமி. மயாமியிலுமா கில்ட்? ஜூன் கடைசியில் அங்கே 32 டிகிரியும் சென்னைப் புழுக்கமும். 8 கெஜக் கம்பளியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றால் நீ தேசபக்தன் இல்லை, நோயாளி.

டிசம்பரில் நான் சொன்ன எட்டு கெஜம் கல்யாணத்துக்கானது. கம்பளித் துணியைக் கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று கணக்குப் பார்ப்பார்கள். 16 அவுன்ஸ் கனமானது, மடிப்பு கம்பீரமாக விழும். 13 நடுத்தரம், 11 லேசு. உனக்கு வேண்டியது பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலப்பில் 5 கெஜத்தில் தைத்தது. லேசாக இருக்கும், வாஷிங் மெஷினில் போடலாம், சீட்டில் கசங்கினாலும் உதறினால் நேராகும். கையால் தைத்த எட்டு கெஜம் ஐந்நூறு பவுண்டைத் தாண்டும், இது அதில் சின்னப் பங்குதான். தீ விஷயத்தில் போன மாதம் எழுதியதற்கு இது நேர் எதிர் என்று யாரோ வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எரிவதற்கான வாய்ப்பைவிட வியர்ப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

எந்த டார்டன் கட்டுவது, ஒவ்வொரு ஸ்காட்டிஷ் குலத்துக்கும் தனிக் கட்டமாமே, எனக்குக் குலமே இல்லையே என்று கேட்டிருக்கிறாய். தடுக்க ஒரு சட்டமும் கிடையாது. பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு என்று ஒரு மரபு, கடையில் கேட்டாலும் கிடைக்காது. பிளாக் வாட்ச் என்ற டார்டனைக் கட்டு. கறுப்பும் கரும்பச்சையும் நீலமும், கெட்சப் கறை தெரியாது.

7 ஏப்ரல்

நேற்று டார்டன் தினம். 1320இல் ஏப்ரல் 6 அன்று, ஸ்காட்லாந்து சுதந்திர நாடு என்று வலியுறுத்தி எழுதிய ஆர்புரோத் பிரகடனத்தின் நினைவாக அமெரிக்காவில் வாழும் ஸ்காட்டியர்கள் கொண்டாடுவது. ஜனவரியில் வந்த பெரியவர் நியூயார்க்கிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். இடுப்பில் எங்கள் மாட்டுத்தோல் ஸ்போரன். அப்பாவுடையது வீட்டு அலமாரியில் பத்திரம். கத்தியை மட்டும் பெரிய பெட்டியில் கொண்டுபோயிருக்கிறார், ஆனால் அணியவில்லை. நியூயார்க் நகரத்தில் கத்தி வெளியே தெரியும்படி நடமாடக் கூடாது என்று நகர விதியே இருக்கிறது. உனக்கும் ஸ்டேடியத்துக்குள் கத்தி எப்படியும் நடக்காது. ஆகவே அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பெரியவர் பெருமையாக ஒன்று எழுதியிருந்தார். 1746இல் கலோடன் போரில் ஹைலாண்ட் என்ற ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் அரசாங்கப் படையிடம் தோற்ற பிறகு, அவர்களுடைய உடைக்குத் தடை போட்டார்கள். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, இரண்டாம் முறை ஏழு வருஷம் கடல் தாண்டி நாடு கடத்தல். 1782இல்தான் தடையை எடுத்தார்கள். "அன்று கில்ட் கட்டியவனை அரசாங்கம் தன் செலவில் கடல் தாண்ட வைத்தது, இன்று நான் எழுநூறு பவுண்டு கட்டினேன்" என்கிறார்.

டார்டன் எவ்வளவு தூரம் பறந்திருக்கிறது என்று யாரோ கேட்டிருந்தீர்கள். 1969 நவம்பரில் அப்பல்லோ 12இல் போன ஆலன் பீன், மெக்பீன் டார்டன் துண்டு ஒன்றை நிலவுக்கு எடுத்துப் போனார். கட்டிக்கொண்டு போகவில்லை, அதனால் இந்த இழையில் சேராது.

20 ஏப்ரல்

விசா கிடைத்துவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறான். வாழ்த்து. சனிக்கிழமை எடின்பரோ வந்து அளவு கொடு. தொப்புளுக்கு நேராக இடுப்பைச் சுற்றி எடுப்போம், பேன்ட் அளவைச் சொல்லிவிட்டுப் பிறகு சண்டைக்கு வராதே.

போகும்போது பாலியஸ்டர் கில்ட்டை உடம்பில் கட்டிக்கொள். கைப்பெட்டியில் ஒரு பேன்ட் இருக்கட்டும். விமானம் கிளம்பி விளக்கணைத்ததும் கழிப்பறையில் போய் மாற்றிக்கொள். கில்ட்டை நீளவாட்டில் மடிப்போடு இறுக்கிச் சுருட்டி, பழைய பெண்கள் ஸ்டாக்கிங் ஒன்றின் காலை வெட்டி அதற்குள் நுழைத்து மேல் பெட்டியில் வைத்துவிடு. இறங்குவதற்கு முன் திரும்பக் கட்டிக்கொள். தையல் அறையில் நாங்கள் கொரியருக்கு இப்படித்தான் சுருட்டுகிறோம், மடிப்பு அசையாது. ஸ்டாக்கிங்குக்கு எங்கே போவேன் என்று கேட்காதே, கடையில் ஒரு பை நிறையக் கிடக்கிறது.

கூட வரும் பையன்கள் எங்களிடம் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் இப்போதே சொல்லச் சொல். ஜூன் மாதத்துக்கு நடுத்தர அளவுகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. மயாமி வரைக்கும் போய்த் திரும்பும் செட்டுகளுக்கு டெபாசிட் கொஞ்சம் கூட. அது என் யோசனை இல்லை, முதலாளி யோசனை.